காதைக் காட்டிய குட்டிக்கும், கண்விழித்து எண்ணியவர்களுக்கும்

அன்புள்ளவர்களே,

இன்று காலை நம் மூன்று வயது யானைக் குட்டி மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு, என் செருப்பையும் இழுத்துக்கொண்டு ஓடினான். சரி, நோயிலிருந்து பிழைத்துவிட்டான், இனி தைரியமாக எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி பாகன் அண்ணனுக்கு. யானைக்குக் காதின் பின்பக்கம் நரம்பு புடைத்துத் தெரியும், அங்கேதான் ரத்தம் எடுப்போம். ஆனால் காதை வீசாமல் குட்டி நிற்க வேண்டுமே! அதற்காக நான்கு மாதம் தினமும் பழகினீர்கள். முதலில் வெறும் விரல், அப்புறம் ஈரப் பஞ்சு, அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்ச். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுப் பழம். கடைசியில் "காது" என்றால் அவனே திரும்பி நின்றான். கட்டிப்போடவும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. ஊசியை எடுத்ததும் அழுத்திப் பிடிக்காவிட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று நான் சொன்னது ஒரே தடவை. நீங்கள் ஒரு வாரம்கூட மறக்கவில்லை.

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒருநாள் அவசரத்தில் ரத்தம் எடுத்த குழாயை மருந்து பாட்டில் மாதிரி குலுக்கிவிட்டேன். அணுக்கள் உடைந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிவந்துபோய், ரத்த மாதிரி வீணானது. திட்டாமல் மறுபடியும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிய தம்பிக்கு நன்றி. குழாய் நேராக ஐஸில் படக்கூடாது என்று துணி சுற்றி வைக்கும் பழக்கம் அவருடையதுதான்.

அடுத்து ஆய்வகச் சகோதரி. யானையின் சிவப்பணு நம்முடையதைவிடப் பெரியது, எண்ணிக்கையில் குறைவு. மோனோசைட் என்னும் வெள்ளையணுவின் உட்கருவோ இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்திருக்கும். இயந்திரம் குழம்பிப்போய் அதை லிம்போசைட் என்னும் வேறொரு வெள்ளையணுவின் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் வாராவாரம் ஸ்லைடு போட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கையால் எண்ணினீர்கள். ஆசிய யானைக் குட்டிகளைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸ் ரத்தத்தில் பெருகும்போது, வெளியே ஒன்றும் தெரியாமலே மோனோசைட்டும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் சரிவதுண்டு. நாக்கு நீலம் பாயும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் கை மீறிவிடும்.

அந்த இரவு நீங்கள் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டாக்டர், மோனோசைட் போன வாரம் இருந்ததில் பாதிகூட இல்லை." குட்டி அன்று சாயங்காலம்வரை டயரை உருட்டி விளையாடிக்கொண்டுதான் இருந்தான். இயந்திரம் கொடுத்த தாளைப் பார்த்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். முந்தைய வாரங்களின் கணக்கு கையில் இருந்ததால்தான் அந்தச் சரிவு பிடிபட்டது. புத்தகத்தில் போட்டிருக்கும் சராசரியைவிட அவனுடைய சொந்தக் கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம். மறுநாள், ரத்தத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையின் முடிவும் அதையே சொன்னது.

நான் அதற்காகக் காத்திருக்கவில்லை, அன்று இரவே வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டேன். ஆசனவாய் வழியாக நீரும் ஃபாம்சைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் கொடுத்தபோது வாளி வாளியாகச் சுமந்த பிள்ளைகளே, உங்கள் சட்டைகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்! தன் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா, அதாவது அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதி, தந்த பெரிய பெண் யானைக்கும் நன்றி. பை நிறையும்வரை காதை அசைக்காமல் புல் மென்றுகொண்டிருந்தாள். எது காப்பாற்றியது, மருந்தா பிளாஸ்மாவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. முந்திக்கொண்டதுதான் என்பது என் கணிப்பு.

ஆறாவது நாள் மோனோசைட் ஏறத் தொடங்கியது. ஏழாவது நாள் பாகன் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

அடுத்த மாதிரி செவ்வாய்க்கிழமை காலை. சகோதரி, ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். தம்பி, போன தடவை ஐஸ் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் யானை டாக்டர்