உன் சர்க்கரையும் என் பிளாஸ்டிக்கும்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தும் ஷட்டவுன் முடிந்து இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். உன் மகள் கெமிக்கல் என்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாளாமே, நீ தடுக்கவே இல்லையா?

உன் சர்க்கரை ஆலையில் பாய்லர் தண்ணீரில் சர்க்கரை கலந்துவிட, நீ பட்ட பாட்டைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, அதே மாதம் நானும் அதே வியாதியில்தான் கிடந்தேன். உனக்கு கரும்புச் சாற்றைக் காய்ச்சும் எவாப்பரேட்டரிலிருந்து ஆவியோடு சாறும் போய் பாய்லர் தண்ணீரில் சேர்கிறது. எனக்கு செப்பரேட்டரிலிருந்து எத்திலீன் வாயுவோடு உருகிய பிளாஸ்டிக் போகிறது. உனக்காவது தண்ணீரில் ஆல்பா நாப்தால் என்ற சர்க்கரைச் சோதனை மருந்தை விட்டுப் பார்த்தால் ஊதா வளையம் காட்டிக்கொடுக்கும். எனக்குக் கூலர் அடைபட்டு, கம்ப்ரஸருக்குப் போகும் வாயு சூடேறின பிறகுதான் விஷயமே தெரியும்.

நாங்கள் செய்வது எல்.டி.பி.இ., அதாவது அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். பால் கவரில் பார்க்கிறாயே, அந்த வகைதான். எத்திலீனை 2,000 பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 2,000 மடங்குக்கு மேல், அழுத்தி நீளமான குழாயில் ஓடவிடுவோம். ஒரு சுற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பாலிமராகும், அதாவது பிளாஸ்டிக்காகும். மிச்சம் வாயுவாகவே திரும்பிப் போகவேண்டும், ஒரு டன் பாலிமருக்கு ஏறக்குறைய இரண்டு டன். அந்த வாயுவையும் பாலிமரையும் பிரிப்பதுதான் செப்பரேட்டரின் வேலை. உள்ளே 250 பார், 200 டிகிரிக்கு மேல் சூடு. கலவை நடுக்குழாய் வழியாகக் கீழே பாய்கிறது. பாலிமர் அடியில் தேங்குகிறது, எத்திலீன் திரும்பி மேலே ஏறுகிறது.

ஆவி லேசு, பாகு கனம், தானாகப் பிரிந்துவிடாதா என்று கேட்பாய். உன் கடைசி எவாப்பரேட்டரில் வெற்றிடம், ஆவிக்குக் கனமே கிடையாது. என்னுடையதில் எத்திலீன் கன மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல். அதைத் தள்ளிக்கொண்டுதான் பாலிமர் துளி கீழே விழவேண்டும். 1934-இல் சவுடர்ஸும் பிரவுனும் எழுதிய சமன்பாட்டை நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதுவேதான். அடர்த்தி வித்தியாசம் குறையக் குறைய, வாயு மெதுவாகத்தான் ஏறலாம். பெரிய பாத்திரம் வாங்கலாமே என்பாய். 250 பாருக்குச் சுவர் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார், அப்புறம் பேசலாம்.

அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார் எங்கள் மேலாளர். அதில் பாதி உண்மை உண்டு. எங்களுக்குப் பாலிமர் இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று, துளியாக அடித்துக்கொண்டு போவது. இன்னொன்று, சின்ன மூலக்கூறுகள் எத்திலீனிலேயே கரைந்து போவது. எத்திலீனின் கிரிட்டிக்கல் அழுத்தம், அதாவது வாயு, திரவம் என்ற வித்தியாசம் மறையும் அழுத்தம், சுமார் 50 பார்தான். 250-இல் அது நல்ல கரைப்பான் மாதிரி நடந்துகொள்ளும். கூலரில் ஆறும்போது கரைந்தது மெழுகாகப் பிரியும். அதற்கென்று வாக்ஸ் செப்பரேட்டர்கள் இருக்கின்றன, அவ்வப்போது வடித்துவிடுவோம். அழுத்தம் குறைந்தால் கரைவது குறையும், சரி. ஆனால் வாயு விரிந்து வேகம் கூடும். அனுமதிக்கும் வேகம் அந்த அளவுக்குக் கூடாது, அதனால் துளி அதிகமாகப் போகும். கம்ப்ரஸரின் மின்சாரச் செலவு வேறு.

ஆக முதலில் எது போகிறது என்று தெரியவேண்டும். கூலரைத் திறந்து பார்த்தேன். மெழுகு என்றால் விரலில் கிரீஸ் மாதிரி ஒட்டும், சுடுதண்ணீரைச் சுற்றவிட்டு உருக்கி எடுத்துவிடலாம். எனக்குக் கிடைத்தது தோல் மாதிரி இழுபட்டது, கத்தியால் வெட்டவேண்டியிருந்தது. நல்ல கெட்டியான பாலிமர். அது கரைந்து வந்திருக்க வாய்ப்பில்லை, துளியாகவேதான் ஏறியிருக்கிறது.

உன் ஆலையில் இருக்கிற மாதிரி, ஆவியோடு போகும் துளியைப் பிடிக்கும் ஒரு சேவ் ஆல் வைத்துவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. உனக்கு அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். என் கம்பிவலையில் பாலிமர் ஒருமுறை பிடித்தால் அங்கேயே உட்கார்ந்து வெந்து கறுத்துப்போகும். பிறகு துண்டு துண்டாக உதிர்ந்து பால் கவரில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் விடை கன்ட்ரோல் ரூமிலேயே இருந்தது. செப்பரேட்டரின் அடியில் பாலிமர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்ற ஒரு மாதத்துப் பதிவையும் கூலர் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பகலில் மட்டம் சொன்ன இடத்தில் நிற்கிறது. இரவு ஷிப்டில் மெல்ல ஏறுகிறது, விடியும்போது இறங்குகிறது. கூலர் ஒவ்வொரு முறையும் அதற்கடுத்த நாள்தான் சூடேறுகிறது. ஆபரேட்டரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மட்டம் ரொம்ப இறங்கிவிட்டால் உயர் அழுத்த வாயு அடிவால்வு வழியாக அடுத்த பாத்திரத்துக்குப் பாய்ந்துவிடும். முன்னொருமுறை அப்படி நடந்து, அன்று திட்டு வாங்கியது இரவு ஷிப்ட்தான். அதிலிருந்து "கொஞ்சம் கூடவே வைப்போம், பத்திரம்" என்று பழகிவிட்டார்கள். மட்டம் ஏறினால் நடுக்குழாயிலிருந்து பாய்வது பாகின் மேல் நேராக விழுந்து தெறிக்கும். துளி இறங்க வேண்டிய இடமும் குறுகிப்போகும்.

இரவு ஆட்களோடு இரண்டு ராத்திரி நானும் உட்கார்ந்தேன். குறைந்த மட்டத்துக்கான எச்சரிக்கை மணியை முன்கூட்டியே அடிக்கும்படி மாற்றிக் கொடுத்தோம். மணி காப்பாற்றும் என்று நம்பிக்கை வந்தபிறகுதான் மட்டத்தைக் கீழே விட்டார்கள். கூலர் இப்போது பரவாயில்லை. ஆனால் முழுதாகத் தீரவில்லை. இந்த ஷட்டவுனில் பார்த்தால் நடுக்குழாயின் வாயில் கறுப்பாக ஏதோ வளர்ந்து வாயைக் குறுக்கியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்திருக்கிறோம். எவ்வளவு வித்தியாசம் வரும் என்று அடுத்த மாதம் எழுதுகிறேன்.

உன் எவாப்பரேட்டரில் புது சேவ் ஆல் வாங்கச் சொல்லிக் கோப்பு போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் இரவு இரண்டு மணிக்கு சாறு மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுடா.

அன்புடன்,
முரளி