மீனில்லாத ஐந்து கிழமை

கல்லடி, மட்டக்களப்பு
யூலை 12

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு மட்டும் விட்டபாடில்லை. சின்னவன் உயர்தரப் பரீட்சைக்கு இரவு பகலாகப் படிக்கிறான்.

மகள் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறாள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். என் வீட்டில் இப்போது ஒன்று இருக்கிறது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், சுமார் 190 லீற்றர் பிடிக்கும். ஆனால் இது இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி எப்படிப் போனது என்பதைத்தான் நீ முதலில் கேட்க வேண்டும்.

போன வருடம் தொட்டி வாங்கியபோது, தண்ணீரை ஊற்றி ஒரு நாள் விட்டால் போதும், மறுநாளே மீன் போடலாம் என்றார் கடைக்காரர். நானும் நம்பி மூன்று நீலக் குட்டி மீன்களைப் போட்டேன். இரண்டாம் நாளே அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான்காம் நாள் காலையில் மூன்றும் போய்விட்டன. ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், செவுள் இரத்தமாகச் சிவந்திருந்தது. நாம் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாயிருந்தால் நல்ல மீன் என்று வாங்கி வளர்ந்தவர்கள். அதே சிவப்பு இங்கே அமோனியா சுட்ட காயம். மனசு கேட்கவில்லை. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பிறகுதான் இருந்து படித்தேன். மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அமோனியாவாகும். ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். அது ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும், தண்ணீர் மாற்றி அகற்றலாம். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு இருக்காது. அவை பெருகும்வரை மீன் போடக்கூடாது. பள்ளிக்கூடத்தில் நைதரசன் வட்டத்தை அம்புக்குறி போட்டு வரைந்தோமே, அதுதான் மச்சான் இது. அன்று பாடமாக்கியதோடு சரி.

இந்த வருடம் பங்குனியில் மறுபடி தொடங்கினேன். தண்ணீர் நிரப்பி, பம்ப்பை ஓடவிட்டு, மீனுக்குப் பதில் தோலோடு ஒரு பச்சை இறாலைப் போட்டேன். அது அழுகித்தான் அமோனியா வரவேண்டும். மணம் தாங்காமல் வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் சோதனைக் குழாயில் ஐந்து மில்லிலீற்றர் எடுத்துத் துளி விட்டுப் பார்ப்பேன். மஞ்சளாக இருந்தால் அமோனியா இல்லை, பச்சை ஏறினால் இருக்கிறது. இரண்டாம் கிழமை கரும்பச்சை. மூன்றாம் கிழமை அது குறையக் குறைய, நைத்திரைற்றுக் குழாய் ஊதா நிறமாகியது. ஐந்தாம் கிழமை முடிவில் ஒரு நாள் அமோனியா மஞ்சள், நைத்திரைற்று வெளிர்நீலம். இரண்டும் இல்லை! வெறும் தண்ணீர் நிற்கிற தொட்டியைப் பார்த்து நான் அப்படிச் சந்தோஷப்பட்டதைச் சின்னவன் வந்து பார்த்துவிட்டுப் போனான். மகளிடம் இதை மட்டும் கட்டாயம் சொல்லு: மீனில்லாத அந்த ஐந்து கிழமையும் தொட்டி சும்மா இருக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் உனக்கும் எனக்கும் வழி வேறு. நீ அங்கே கடையில் கடலுப்புக் கலவை வாங்கி, ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, லீற்றருக்கு 35 கிராம் அளவில் கொண்டுவந்தால் சரி. அடர்த்தி 1.025 காட்ட வேண்டும். சமையல் உப்பு மட்டும் கரைத்தால் சரிவராது. கல்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்ததுதான் கடல். எனக்குக் கடல் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அப்படியிருந்தும் கரையில் அள்ள முடியாது. அலை உடைகிற இடத்தில் மண்ணும் குப்பையும். மாரியில் இன்னும் மோசம், முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால் வாவி முழுக்கக் கடலுக்குள் இறங்கும். தை மாதம் ஒரு போத்தல் அள்ளி அளந்து பார்த்தேன், 1.014 தான். உப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல். அதனால் மழை விட்டுக் கடல் தெளிந்த பிறகு, மீனுக்குப் போகிற படகுக்காரர் ஒருவரிடம் 20 லீற்றர் கேன்களைக் கொடுத்து ஆழத்தில் அள்ளுவித்தேன். அதைத் துணியில் வடித்து, இரண்டு கிழமை இருட்டறையில் வைத்த பிறகே தொட்டிக்கு ஊற்றினேன்.

ஒன்றை மறந்துவிடாதே. தண்ணீர் வற்றினால் கடல்தண்ணீர் விட்டு நிரப்பக் கூடாது, நல்ல தண்ணீர்தான் விட வேண்டும். ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். உனக்குக் குளிர்காலத்தில் ஹீட்டர் வேண்டும், எனக்கோ சோளகக் காற்று வீசினால் 31 பாகை ஏறிவிடுகிறது. தண்ணீரின் மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்து 28க்கு இறக்குகிறேன். அதற்காக நாளுக்கு இரண்டரை லீற்றர் ஊற்ற வேண்டியிருக்கிறது. 1998 இல் கடல் சூடேறி இலங்கையைச் சுற்றிப் பல இடங்களில் பவளம் வெளுத்துச் செத்தது. ஒன்றிரண்டு பாகை கூடிக் கிழமைக்கணக்கில் நின்றால் போதும், அவ்வளவுதான். தெர்மாமீற்றரைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

பாசிக்குடாப் பக்கத்திலிருந்து உயிருள்ள பவளக்கல் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பவளத்தைப் பெயர்ப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். சட்டம் இல்லாவிட்டாலும் எடுத்திருக்க மாட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று நீயும் நானும் பார்த்தோமே, அந்தக் கல்லை என் வரவேற்பறைக்காக உடைப்பதா? பற்றீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ளச் சொரசொரப்பான இடம். மினுக்கம் பூசாத மண்சட்டி ஓடுகளை அடுக்கிக் குகை மாதிரிக் கட்டினேன், பின்னால் செராமிக் வளையங்கள். போதும்.

ஸ்கிம்மர் ஒன்று வாங்கு, அதில் சிக்கனம் பார்க்காதே. நுண்ணிய குமிழிகளில் அழுக்கு ஒட்டி நுரையாக மேலே வந்து கிண்ணத்தில் விழும், காற்று நாளில் கரையில் பழுப்பு நுரை ஒதுங்குமே, அதே மாதிரி. அப்புறம், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று நான் வைத்திருக்கிறேன். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், அதை மறக்க முடியுமா?

மீன் வைகாசியில்தான் வந்தது. கடலில் பிடித்தது வேண்டாம் என்று, தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன் இரண்டு. கொழும்பிலிருந்து ஒட்சிசன் நிரப்பிய பையில், ரெஜிபோம் பெட்டிக்குள், இரவு ரயிலில் என் மடியிலேயே வந்தன. உடனே தொட்டிக்குள் விடவில்லை. வாளியில் வைத்து, ஒரு சேலைன் குழாயால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குழாயின் சில்லை உருட்டினால் துளியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு மணித்தியாலம் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். இப்போது இரண்டில் பெரியது பெண்ணாக மாறி வருகிறது. இந்த இனத்தில் எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், பெரியது பெண்ணாகும். பெரியது துரத்த, சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுக்கிக் காட்டும்.

மூன்று நாளைக்கு முன் இரவு பத்து மணிபோல் கரண்ட் போனது. பம்ப், மின்விசிறி எல்லாம் நின்று வீடு அமைதியாயிற்று. பேட்டரியை மாட்டப் போனவன் தொட்டிக்குள் ஏதோ சத்தம் கேட்டு நின்றேன். காதைக் கண்ணாடியில் வைத்தேன். டிக், டிக், டிக். நகத்தால் நகத்தைத் தட்டுவது போல. கோமாளி மீன் தாடையை அடித்துச் சத்தம் எழுப்பும் என்று படித்திருந்தேன், கேட்டது அன்றுதான். நம் வாவியின் பாட்டு ஞாபகம் வந்தது. பழைய கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்து நீ எனக்குக் கைகாட்டினாயே, “கேட்குது, கேட்குது” என்று! ஊரி நத்தை பாடுகிறது என்று நீயும், மீன்தான் என்று நானும் வீடு வரும்வரை சண்டை போட்டோம்.

ஆவணியில் வருவதாக எழுதியிருக்கிறாய். மகளையும் கூட்டிக்கொண்டு வா. இரவில் பம்ப்பை ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கிறேன், அவள் காதை வைத்துக் கேட்கட்டும். மறுநாள் தோணி பிடித்துப் பாலத்தடிக்குப் போவோம்.

உன் அன்பு மச்சான்