சோடிக்காரனின் கண் மேசையில் இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் வெளிநாட்டவர் வரத்து ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கியதும், அந்த விருந்தினர் விடுதியின் பூல் மேசை நம்மவர் கைக்கு வந்துவிடுகிறது. சனிக்கிழமை மாலைகளில் நீர் நடத்தும் சோடி ஆட்டங்களை மூலைக் கதிரையிலிருந்து பார்த்து வருகிறேன். அங்கே வருபவர்களில் நன்றாக ஆடுகிறவர் நீர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் மற்ற நாட்களில் ஓரளவு ஆடுகிற பையன்கள்கூட உம்மோடு சோடி சேர்ந்தால் தடுமாறுகிறார்கள். அதைத்தான் எழுத வந்தேன்.

போன சனிக்கிழமை அந்த ஒல்லிப் பையன் கருப்புப் பந்தைக் குழியில் போட்டபோது கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தும் பின்னாலேயே போய் விழுந்தது. கருப்போடு வெள்ளையும் விழுந்தால் தோல்விதான்; ஆட்டம் போயிற்று. நீர் கியூக் கோலை மேசையில் எறிந்துவிட்டு, "எத்தனை தரம் சொன்னேன்!" என்றீர். அடுத்த ஆட்டத்தில் குழியின் வாயிலேயே நின்ற கோடு போட்ட பந்தை அடிக்கக் குனிந்தவன், அடிப்பதற்கு முன் நிமிர்ந்து உம் முகத்தைப் பார்த்தான். மறுபடி குனிந்தான், மறுபடி பார்த்தான். பந்து விழவில்லை. எப்படி விழும்? கண் மேசையில் இல்லையே.

இதில் மாயம் எதுவும் இல்லை. கியூவின் பின்பகுதியைத் தளர்வாகப் பிடித்தால்தான் அது நேராகப் போய் வரும். பயந்தவனும் கோபக்காரனும் அதை இறுக்கிப் பிடிக்கிறார்கள். மணிக்கட்டு விறைத்து முனை மயிரிழை விலகினாலும் போதும், நீளமான அடியில் அந்தப் பிழை குழியைத் தாண்டிப் போகுமளவுக்குப் பெருகிவிடும். கியூ பந்தைத் தொட்டு முடிப்பதற்குள் தலையைத் தூக்குவது இன்னொரு கேடு. புதிதாக ஆடுபவர்கள் பந்து விழுந்ததா என்று பார்ப்பதற்காகத் தலையைத் தூக்குவார்கள். உம் சோடிக்காரர்கள் நீர் என்ன சொல்லப்போகிறீர் என்று பார்ப்பதற்காகத் தூக்குகிறார்கள்.

நீர் சொல்லும் புத்திமதியில் பிழை இல்லை. எளிய பந்துகளை எல்லாம் முதலில் போட்டுவிட்டு, மேசையின் ஓரப் பட்டையோடு ஒட்டிக்கிடப்பதைக் கடைசிக்கு வைக்கக்கூடாது என்கிறீர். சரிதான். ஆனால் அதோடு முழங்கை, பிடி, கால் வைக்கும் இடம், வெள்ளை போய் நிற்க வேண்டிய இடம் என்று எல்லாவற்றையும் அவன் குனிந்திருக்கும் அந்த நேரத்திலேயே சொல்கிறீர். குனிந்த பிறகு ஒருவனுக்கு யோசனை மாறினால் அவன் நிமிர்ந்து, விலகி நின்று, மறுபடி தொடங்க வேண்டும் என்பது நல்ல பழக்கம். நீர் அவனை நிமிரவும் விடுவதில்லை.

அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் நடத்தும் அமெச்சூர் லீக்கில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. நாம் ஆடுகிற இந்த எட்டுப் பந்து ஆட்டத்தில் திறமைத் தரநிலை 3 வரை உள்ளவருக்கு ஓர் ஆட்டத்தில் 2 முறை, அதற்கு மேற்பட்டவருக்கு 1 முறை மட்டும் ஆட்டத்தை நிறுத்தி ஆலோசனை சொல்லலாம். அதுவும் ஒரு நிமிடம்தான். மற்ற நேரத்தில் பயிற்றுநர் வாயைத் திறக்கக்கூடாது. உப்புவெளியிலும் அதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கேட்டால் மட்டும் சொல்லும். சொல்லும்போதும் "வெள்ளையை விழவிடாதே" என்று சொன்னால் அவன் மனதில் அந்தக் குழிதான் நிற்கும். "மெதுவாக அடி, வெள்ளை நடுவில் நிற்கட்டும்" என்றால் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. மற்றதெல்லாம் ஆட்டம் முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது பேசலாம். அப்போதும் ஒருவனுக்கு ஒரு விஷயம் போதும்.

இனி உம் கோபம். நீர் சின்ன வயதில் ஏகாம்பரம் மைதானத்தில் பந்து உதைத்தவர். அங்கே எரிச்சல் வந்தால் ஓடித் தீர்த்துவிடலாம். இங்கே எதிராளி அடிக்கும்போது கதிரையில் சும்மா இருக்க வேண்டும், கோபத்துக்குப் போக இடமில்லை. பில்லியர்ட்ஸ் இதைவிடக் கொடியது: எதிராளி ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் புள்ளி எடுக்கும்போது வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆட்டத்தில்தான் நம் நாட்டு லஃபீர் 1973 இல் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார். உம்மை யோகாசனம் செய்யச் சொல்லவில்லை. எரிச்சல் வந்தால் எழுந்து வாசல்வரை போய், ஈரக் காற்றைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வாரும். உம் முறை வந்ததும் கியூ முனைக்குச் சோக் பூசும்போதே எந்தப் பந்து, எந்தக் குழி என்று தீர்மானித்துவிடும். அதுவரை குனியாதீர்.

இன்னொன்று, கோபிக்காமல் கேளும். நீர் தவறவிட்டால் மழைக்குத் துணி ஊறி மேசை ஓடவில்லை என்கிறீர். பையன் தவறவிட்டால் அவனுக்குக் கவனம் இல்லை என்கிறீர். அந்த ஊறிய துணியில்தானே அவனும் ஆடுகிறான்?

வருகிற சனிக்கிழமை அவனையே சோடியாகக் கூப்பிடும். அவன் வேறு சாட்டுச் சொல்லி ஒதுங்கப் பார்ப்பான், விடாதீர். முதல் அடியை அவனே அடிக்கட்டும். அவன் குனிந்ததும் நீர் வந்து என் பக்கத்துக் கதிரையில், அவனுக்குப் பின்புறமாக இரும்.

அன்புடன்,
மூலைக் கதிரைக்காரன்