தகரத்துக்கு எடுத்த பெயரை வாக்குக்கு எடுக்காதீர்கள்

மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும், கட்சி அமைப்பாளர்களுக்கும், தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் வணக்கம்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முன்பள்ளி ஆசிரியை. அதே தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். எங்கள் டிவிஷனுக்கு எந்தப் படிவம் வந்தாலும் நிரப்பித் தரச் சொல்லி என்னிடம்தான் வருவார்கள். 2023இல் காற்றில் கூரைகள் பறந்தபோது, தகரம் தருவதாகச் சொன்ன ஒரு சங்கத்துக்காக 62 குடும்பங்களின் விபரத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வாக்கு இருக்கிறது. தகரத்துக்கும் வாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தகரம் வந்தது. நனையாமல் தூங்கினோம். அந்த நன்றி இன்றும் இருக்கிறது.

2024 நவம்பர் 13, பொதுத் தேர்தலுக்கு முதல் நாள். பிரசாரமெல்லாம் சட்டப்படி ஓய்ந்திருக்க வேண்டிய நேரம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் எடை போட்டுவிட்டு ஒரு அம்மா கூடையைக்கூட இறக்காமல் நேரே முன்பள்ளிக்கு வந்தார். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் வாங்கிக் கொடுத்த சின்ன போன் கையில் இருந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கறை ஏறிய விரலால் திரையைத் தொட்டு, "இத வாசிங்க டீச்சர்" என்றார். அவருடைய பெயர் சொல்லி, உங்கள் கூரைக்குத் தகரம் தந்தவர்களை மறந்துவிடாதீர்கள் என்று செய்தி வந்திருந்தது. கீழே ஒரு கட்சிச் சின்னமும் வேட்பாளரின் விருப்பு வாக்கு இலக்கமும்.

வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்: "நா யாருக்குப் போடுறேன்னு அவுங்களுக்குத் தெரியுமா? மாத்திப் போட்டா தகரத்தக் கழட்டிட்டுப் போயிருவாங்களா?"

வாக்கு இரகசியம், யாருக்கும் தெரியாது என்றேன். "அப்ப எம் பேரும் நம்பரும் எப்புடித் தெரிஞ்சுச்சு?" என்றார். எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தச் செய்தியில் இருந்தது அடையாள அட்டைப் பெயர் அல்ல. வாக்காளர் இடாப்பிலும் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலிலும் அவருக்கு இருப்பது வேறு பெயர். லயத்தில் நாங்கள் கூப்பிடும் பெயர் காகிதத்தில் ஏறியது ஒரே ஒரு இடத்தில்தான்: அவசரத்தில் நான் எழுதிய அந்தத் தகரப் படிவத்தில்.

என் கையெழுத்துத்தான் அந்த அம்மாவைப் பயமுறுத்தியிருக்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாக இது என் நெஞ்சில் கிடக்கிறது.

தலைவர்களே, பட்டியல் என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் நாங்கள். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பிரஜாவுரிமை போனது, 1949இல் வாக்கும் போனது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எங்களைத் தலை எண்ணிப் பிரித்தது. எந்தப் பட்டியலில் யார் பெயர் விழுந்தது என்பதை வைத்துத்தான் ஒரே லயத்தில் அண்ணன் கப்பல் ஏறினான், தம்பி நின்றான். பிரஜாவுரிமைச் சிக்கல் தீர 2003 வரை காத்திருந்தோம். எங்கள் பாட்டிமார் யாராவது கொப்பியோடு வந்தால் கதவைச் சாத்துவார்கள். அந்தப் பயத்தைப் போக்கிப் படிவத்தில் கைநாட்டு வைக்கப் பழக்கியவர்களே உங்கள் சங்கத்தாரும் என்னைப் போன்றவர்களும்தான். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது செலவழிக்கிறீர்கள்.

குறுஞ்செய்தி இதில் சின்னப் பங்கு. போன் நம்பர்களை மொத்தமாக பேஸ்புக்கில் ஏற்றினால், அந்த நம்பர்களுக்குரிய கணக்குகளை அது தானே கண்டுபிடித்து அவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டும். அவர்களைப் போன்ற இன்னும் பல ஆயிரம் பேரையும் தேடிக் கொடுக்கும். உலகம் இதை 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தில் பார்த்தது. ஒரு செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். அவர்களுடைய நண்பர்கள் வழியாக 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலான விபரம் கைமாறியிருக்கலாம் என்று பேஸ்புக்கே சொன்னது. இங்கே அவ்வளவு தொழில்நுட்பம்கூடத் தேவையில்லை. லயத்துக்கொரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, சந்தாப் பட்டியல் இருக்கிறது, நிவாரணப் பட்டியல் இருக்கிறது. யார் வீட்டில் கூரை ஒழுகுகிறது, யார் பிள்ளைக்கு வேலை இல்லை, யார் கடனில் இருக்கிறார் என்பதெல்லாம் நாங்களே உதவி கேட்டு எழுதிக் கொடுத்தவை.

முன்பு தலைவர் கோயில் மைதானத்தில் மேடை போட்டுப் பேசுவார். மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் ஒரே பேச்சைக் கேட்கும். சொன்னதைச் செய்யாவிட்டால் அடுத்த முறை காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களத்தில் வைத்தே கேட்கலாம். 2024 மே தினத்தில் கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி எங்கள் நாட் சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்ததை ஊரே கேட்டது. அதனால்தான் செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று முடிந்தபோது மிச்சம் எங்கே என்று எல்லோராலும் ஒரே குரலில் கேட்க முடிந்தது. போனுக்குள் தனித்தனியாக வரும் வாக்குறுதிக்குச் சாட்சி இல்லை. ஒரு லயத்துக்குக் காணி, இன்னொரு லயத்துக்குத் தனி வீடு, கொழும்பில் நிற்கும் பையன்களுக்கு வெளிநாட்டு வேலை என்று போனால், ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. நல்ல வாக்குறுதியை விட வேகமாக ஓடுவது பயமும் பகையும். திகனை எங்கள் மலைக்கு அந்தப் பக்கம்தான். 2018 மார்ச்சில் அங்கே கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காரணத்துக்கு என்று சொல்லி வாங்கிய விபரத்தை வேறு காரணத்துக்கு இஷ்டப்படி எடுக்கக் கூடாது என்கிறது. அரசியல் கருத்தை விசேட பாதுகாப்புக்குரிய தரவாக வைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டியது தள்ளிப்போனது. அது வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தாப் பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறீர்கள் அல்லவா, பெயருக்கும் காட்டுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் மலை சரிந்த பிறகு பதுளை, நுவரெலியா, கண்டி எங்கும் மறுபடி கொப்பியோடு ஆட்கள் வந்தார்கள். வீடு மண்ணோடு போனவர்களிடம் எதைக் கேட்டாலும் கொடுப்பார்கள். மாகாண சபைக்குக் கடைசியாக மத்திய மாகாணத்தில் 2013இலும் ஊவாவில் 2014இலும் வாக்களித்தோம். இனி எந்தத் தேர்தல் வந்தாலும், புயல் பட்டியல் அமைப்பாளர்களின் கைக்குப் போகாது என்று இப்போதே எங்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். உதவிப் படிவத்தில் எத்தனை வாக்கு என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். படிவத்தின் அடியில், எதற்காக எடுக்கிறோம், யார் வைத்திருப்பார், எப்போது அழிப்போம் என்று தமிழில் மூன்று வரி போடுங்கள். காசு கொடுத்துப் போடும் ஒவ்வொரு விளம்பரத்தையும் கொழுந்து மடுவத்துச் சுவரிலும் ஒட்டுங்கள், எல்லோரும் வாசிக்கட்டும்.

நான் எழுதிய 62 பெயர்களின் கார்பன் பிரதி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. யாருடைய கைக்கு அது போனது, இப்போது எங்கே இருக்கிறது, அழித்தாயிற்றா என்று சம்பந்தப்பட்ட சங்கம் கடிதம் தந்தால், 62 வீட்டுக்கும் நானே நடந்து போய் வாசித்துக் காட்டுவேன். முதலில் போவது அந்த அம்மாவின் லயக் காம்பராவுக்கு.

இப்படிக்கு,
தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை ஒருத்தி