குள்ளச்சிக்கு

ஏய் குள்ளச்சி,

போன் பண்ணா எடுக்க மாட்டேங்குற, மெசேஜ் போட்டா கட்டவிரல் மட்டும் வருது, அதான் எழுதறேன், பெருசா இருக்கும், ஒழுங்கா படி. அம்மாக்கு முட்டி வலி அப்டியேதான், அவரு நல்லாருக்காரு, ஓனர் வாடகைய ஏத்திட்டான். ரோசிய காசிமேட்டுல பாத்தேன், இன்னும் அந்த மாடிப்படி மேட்டர் சொல்லி சிரிக்கறா.

விஷயம் என் பொண்ணு. மூஞ்சி பூரா பரு. வயசுக் கோளாறு, தானா போயிடும்னுதான நீ சொல்லுவ? ஷேர் ஆட்டோ ஏறுனா துப்பட்டாவ மூஞ்சில சுத்திக்கறா, கேட்டா தூசியாம். எம்.சி. ரோட்டுக்கு தீபாவளித் துணி எடுக்க வாடின்னா நீயே எடுத்துனு வான்றா, கட கடயா ஏறி எறங்குனவ! பாத்ரூம் கண்ணாடில அவ மூஞ்சி தெரியற எடத்துல மட்டும் ஸ்டிக்கர் பொட்டா ஒட்டி வச்சிருக்கா.

நாத்தனார் வேற, "இன்னாடி மூஞ்சி இப்டி ஆயிடுச்சி, பஜ்ஜிய கொற, நாளைக்கி எவன் கட்டுவான்"னு நாலு பேர் முன்னாடி. பஜ்ஜி எண்ணெயா வந்து மூஞ்சில ஒக்காருது? ஹார்மோன் ஏறுறப்ப தோலுக்குள்ள எண்ணெய் ஜாஸ்தியா சுரந்து துவாரம் அடச்சிக்குது, அவ்ளோதான்.

இதுக்கு நடுவுல காலேஜ்ல எவளோ சொன்னான்னு மெடிக்கல்ல ஒரு டியூப் வாங்கித் தடவிருக்கா. மொதல்ல பளபளன்னு ஆச்சு, நிறுத்துனதும் செவந்து எரிஞ்சு டபுளா வந்துச்சி. ஸ்டீராய்டாம். சீட்டு இல்லாம தரக்கூடாதத கடைக்காரன் ஷாம்பு பாக்கெட் மாதிரி நீட்டிருக்கான், பாவி.

அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு ஸ்கின் டாக்டரம்மாகிட்ட இட்டுனு போனேன். ஒரு பேப்பர குடுத்து டிக் பண்ண சொன்னாங்க, பத்து கேள்வி. பிரிட்டன்ல, வேல்ஸ்ல கார்டிஃப்னு ஒரு ஊர்ல 1994ல போட்டதாம். போன ஒரு வாரத்துல தோலால வெக்கப்பட்டியா, கடைக்கு போறது, துணி போடறது, படிப்பு, ஃபிரெண்ட்ஸுன்னு எது எது கெட்டுச்சி, இப்டியே போவுது. மொத்தம் 30 மார்க்கு, ஏற ஏற கஷ்டம் ஜாஸ்தி, 10 தாண்டுனாலே பெரிய பாதிப்பாம். இவ போட்ட மார்க்கு 17. பரு என்னமோ நடுத்தரம்தான்னாங்க! கொஞ்சூண்டு பருவுக்கே வெளிய தல காட்டாதவங்க இருக்காங்களாம், மூஞ்சிய பாத்து மனச அளக்க முடியாதாம்.

என்னைய வெளிய ஒக்கார வச்சிட்டு அவகிட்ட தூக்கம் வருதா, செத்துடலாம்னு தோணுதான்னு கேட்டாங்களாம். "அப்டிலாம் இல்லம்மா, ஆனா காலேஜ விட்றலாம்னு நெனச்சேன்"னா வீட்டுக்கு வந்து. நான் தட்டக் கழுவிட்டே இருந்தேன், திரும்பிப் பாக்கற தைரியம் வரலடி.

இப்ப மூஞ்சில தடவ ராத்திரி அடாபலீன், காலைல பென்சாயில் பெராக்சைடு, அது பட்டு என் நீலத் துண்டெல்லாம் வெள்ளத் திட்டு. பலன் தெரிய ரெண்டு மாசமாவது ஆவுமாம்.

தீபாவளிக்கு கண்டிப்பா வா. ஆனா அவ மூஞ்சியப் பத்தி மூச்சு விடாத, "கொறஞ்சிருக்கே"ன்னு பாராட்டறது கூட வேணாம்னு அவளே சொல்லிட்டா. உன் வீட்டுக்காரருக்கும் சொல்லி வை, அந்த வாய் உனக்கே தெரியும்.

தேவி