வைஃபை மோடம் செய்து விற்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

386, 486 கணினிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு நீங்கள் செய்திருப்பது பெரிய உபகாரம். லேண்ட்லைனே இல்லாத வீட்டில் டெலிபோன் மோடம்போல நடித்து வைஃபையில் இணையும் உங்கள் சின்னப் பலகையை சீரியல் போர்ட்டில் செருகி, ‘ஏடிடிடி’ என்ற பழைய டயல் கட்டளையை அடித்தால் பிபிஎஸ் (அந்தக் கால மின்னணு அறிவிப்புப் பலகை) திறக்கிறது. குறை சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் ‘வேகம் 115200’ என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறீர்களே, அது எந்தக் கணினிக்கு என்று யாரும் சொல்வதில்லை.

கணக்கைப் பாருங்கள். தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். நொடிக்கு 115200 பிட் என்றால் 11,520 பைட்டுகள். ஏறக்குறைய 87 மைக்ரோ நொடிக்கு ஒன்று. பழைய போர்டுகளில் இருக்கும் 8250, 16450 யுஏஆர்டி சிப்புகள் (சீரியல் போர்ட்டை நடத்துபவை) வந்த பைட்டில் ஒன்றைத்தான் பிடித்து வைக்கும். அதை எடுக்க செயலி வருவதற்குள் அடுத்தது வந்துவிட்டால் முந்தையது போச்சு. வெறும் டாஸில் ஓரளவு சமாளிக்கலாம். விண்டோஸ் 3.1இல், பைட் வந்ததும் சிப் செயலியைக் கூப்பிடும் ஒவ்வொரு இன்டரப்டும் பல அடுக்கு தாண்டி வர வேண்டும். நடுவில் ஹார்ட் டிஸ்க் வேறு ஓடினால் கேட்கவே வேண்டாம்.

16550ஏ என்ற யுஏஆர்டி சிப் இருந்தால் கதை வேறு. வந்த பைட்டுகள் காத்திருக்க 16 பைட் வரிசை உண்டு. 14 சேர்ந்ததும் கூப்பிடு என்று அமைத்தால், செயலி நொடிக்கு 820 தடவை எட்டிப் பார்த்தால் போதும். (‘ஏ’ இல்லாத 16550ஐ நம்ப வேண்டாம், அதன் வரிசையே பழுது.) சிப் இருந்தால் மட்டும் போதாது, மென்பொருள் அந்த வரிசையை இயக்கவும் வேண்டும்.

இது தெரியாமல் நம் ஆட்கள் படும் பாடு இருக்கிறதே! இசட்மோடம் என்ற கோப்பு மாற்றும் முறையில் கோப்பு இறக்கும்போது சிஆர்சி பிழை (தரவு கெட்டதைக் காட்டும் சரிபார்ப்புப் பிழை) வரிசையாக வரும். உடனே வைஃபை சரியில்லை என்று ரவுட்டரை இடம் மாற்றுவார்கள், பலகையைத் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் பலகைக்கும் சர்வருக்கும் நடுவே டிசிபி என்ற இணைய நெறிமுறை இருக்கிறது. வழியில் தொலைந்ததை அதுவே மறுபடி கேட்டு வாங்கிவிடும். அந்தக் காலத்தில் இரண்டு மோடம்களுக்கு நடுவே வி.42 என்ற பிழைதிருத்த முறை செய்த வேலை அது. ஆகவே பிழை பெரும்பாலும் பலகையிலிருந்து கணினி வரைக்குமான அந்த ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும்.

அந்தத் தூரத்தில் உங்கள் பங்கும் உண்டு. உங்கள் பலகைகள் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். மின்னழுத்தம் மாற்ற மேக்ஸ்3232 சிப் போட்டிருக்கிறீர்கள். அதில் அனுப்ப இரண்டு, வாங்க இரண்டு தடங்கள். தரவுக்கு ஒரு ஜோடி போக, மற்ற ஜோடி ‘அனுப்பு’, ‘பொறு’ என்று சைகை காட்டும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அந்தக் கால்கள் எங்கும் போகாமல் சும்மா நிற்கின்றன. உள்ளே இருக்கும் ஈஎஸ்பி8266 வைஃபை சிப்புக்கு வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல் (அந்தச் சைகைக் கம்பிகளால் தரவோட்டத்தைக் கட்டுப்படுத்துவது) தெரியும், காசு கொடுத்து வாங்கிய தடமும் காலியாக இருக்கிறது, இரண்டையும் இணைக்க இரண்டு கோடு இழுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. கணினி ஃபிளாப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போது ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல அதற்கு வேறு வழி கிடையாது. தரவோடேயே ‘தொடர்’, ‘நிறுத்து’ என்ற இரண்டு எழுத்தை அனுப்பும் எக்ஸான்/எக்ஸாஃப் இருக்கிறதே என்பீர்கள். அந்த இரண்டு எழுத்தும் ஜிப் கோப்புக்குள்ளேயே வருமே!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கோடு இழுத்துவிட்டால் 16450 பிரச்சினை தீராது. ஆர்டிஎஸ்ஸை இறக்கி ‘பொறு’ என்று சொல்வது கணினியின் டிரைவர் மென்பொருள். சிப்பிலேயே பைட் அழிந்தால் அதற்குச் சேதியே போகாது. அதற்கு வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து. பழைய மோடம் ‘ஏடி’ என்ற இரண்டு எழுத்தைக் கேட்டே நம் வேகத்தைக் கண்டுகொள்ளும். உங்களுடையதில் அது வராவிட்டாலும், ஏடி கட்டளையில் வேகத்தை மாற்றி ‘&டபிள்யூ’ கொடுத்தால் மறக்காமல் வைத்திருக்கும்படியாவது செய்யுங்கள். மின்சாரம் போய் வந்ததும் மறுபடி 115200க்கே தாவினால் 386காரர் என்ன செய்வார்?

கடைசியாக, டப்பாவோடு தரும் சீட்டில் இதை மட்டும் அச்சிடுங்கள்: விண்டோஸை விட்டு வெளியே வந்து, டாஸில் எம்எஸ்டி என்ற சோதனை நிரலை ஓட்டி, காம் போர்ட் திரையில் யுஏஆர்டி சிப் வரியைப் பாருங்கள். 8250 என்று காட்டினால் விண்டோஸில் 19200க்கு மேல் போக வேண்டாம். 16550ஏஎஃப் என்று காட்டினால் 57600இல் தொடங்கி மேலே ஏறுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்