குருமனைக் கதவைத் தட்டுகிறவளுக்காக: சேகர குருமாருக்கு ஒரு திறந்த மடல்

சபைக் குருமாராகிய அன்புள்ள ஐயரவாள்களுக்கும், அவர்கள் மனைவிமாராகிய ஐயரம்மாமாருக்கும், பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் இந்த மண்ணிலேயே பெற்றவள் நான். இருபது வருஷத்துக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். புருஷனிடம் அடிபட்டு உங்கள் கதவைத் தட்டுகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். சபையை வெறுத்துப் போன ஒருத்தியின் மடலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன்.

1986 மே மாதம், ஒரு ராத்திரி. எனக்குப் பத்து வயது. அம்மா தூங்குகிற தம்பியை இடுப்பில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஐயர் குடும்பம் குடியிருந்த குருமனையின் கதவைத் தட்டினாள். அப்பா இரும்புச் சட்டுவத்தால் அடித்ததில் அவள் முழங்கையில் தோல் கிழிந்து, ரத்தம் சேலை முந்தானை முழுக்க ஊறியிருந்தது. ஐயரம்மா எதுவும் கேட்கவில்லை. காயத்தைக் கழுவி, மஞ்சள் வைத்துத் துணியால் கட்டினார். எனக்கு ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை என் தலையிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.

ஐயர் வேதாகமத்தில் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து, புருஷருக்குக் கீழ்ப்படியும்படி மனைவிகளுக்குச் சொல்லியிருப்பதை வாசித்தார். முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபித்தார். எழுந்து, "பொறுத்துப் போம்மா. ஒன் சாந்தத்தப் பாத்துதான் அவரு திருந்தணும். கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார். பிறகு கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியாரை எழுப்பி, டார்ச் கொடுத்து, எங்களை அந்த வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொன்னார்.

அந்த ஐயர் கெட்டவரில்லை. சைக்கிள் மிதித்துப் பக்கத்து ஊர்ச் சபைகளுக்கெல்லாம் போய் நோயாளிகளுக்காக ஜெபித்துவிட்டு வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். அதனால் அவர் பெயரோ சபையின் பெயரோ இந்த மடலில் இல்லை. அவர் சொன்ன அதே வார்த்தைகள் இன்றைக்கும் நம் குருமனைகளில் சொல்லப்படுகின்றன. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மா 2019-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அவளுடைய வேதாகமம் என்னிடம் இருக்கிறது. 56-ஆம் சங்கீதத்தில், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்; அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" என்ற வசனத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் பொடிப்பொடியாகத் தேதிகள் குறித்து வைத்திருக்கிறாள். வேறு ஒரு எழுத்து கிடையாது, தேதிகள் மட்டும். பக்க ஓரம் நிறைந்துபோய், அடுத்த சங்கீதத்தின் ஓரத்திலும் தொடர்கிறது. அடக்க ஆராதனை முடிந்த ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்தொன்று. அதில் 1986 மே மாதத்துத் தேதியும் இருந்தது.

அந்த நாற்பத்தொரு ராத்திரிகளுக்கும் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அப்பா பாடகர் குழுவில் பேஸ் பாடிக்கொண்டிருந்தார். நல்ல குரல் அவருக்கு. கத்தரி வெயிலிலும் அம்மா முழுக்கை ஜாக்கெட் போட்டு, தூணோரத்தில் உட்கார்ந்திருப்பாள். ஊருக்குத் தெரியும். அவள் குருமனைக்குப் போய் வந்த மூன்றாம் வருஷம் அப்பாவைச் சேகரக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சபையை விசாரிக்கிற கண்காணியானவன் "மதுபானப்பிரியனும், அடிக்கிறவனும்" ஆயிருக்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறாரே, அது யார் கண்ணிலும் படவில்லையா என்று வளர்ந்த பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அதே சபையில் வேற்று மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு அக்காவுக்குத் திருவிருந்தை நிறுத்தி வைத்தார்கள். அடிக்கிற கைக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

அப்பா 1998-ல் ஈரல் கெட்டுப்போய் இறந்தார், கடைசிவரை திருந்தாமலேயே. "உங்கம்மா இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட ஜெபிச்சிருக்கலாம்" என்று துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் என்னிடமே சொன்னார். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு பல வருஷம் நான் ஜெபிக்க முடியாமல் இருந்தேன். கேட்கிற தேவன் என்றால் அம்மாவை ஏன் கேட்கவில்லை? ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இதைக் கேட்டு அழுத நாட்கள் உண்டு. இன்றைக்கு என் மனதில் நிற்பது இதுதான்: பதில் வந்தது. அம்மாவைக் குருமனை வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது. நாம்தான் டார்ச் அடித்து அதைத் திருப்பி அனுப்பினோம்.

ஐயா, அந்த எபேசியர் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மனைவிகளுக்குச் சொல்வதற்கு முந்தின வசனம், "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." அதன் பின்னாலேயே புருஷனுக்குச் சொல்லப்பட்டது மூன்று மடங்கு நீளம். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல நேசி என்று. பேதுரு இன்னும் கடுமையாகச் சொல்கிறார். மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாத புருஷனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்கிறார். அடிபட்டவளை இன்னும் ஜெபி என்று அனுப்புகிறோம். ஜெபம் தடைப்பட்டு நிற்கிறவனோடு யார் போய்ப் பேசுகிறோம்? விவாகரத்தைப் பற்றிய "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்ற மல்கியா வசனத்தைப் பெண்களிடம் எடுத்துக் காட்டுகிறவர்கள், அதே வசனம் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றியும் பேசுவதைச் சொல்வதில்லை.

குடும்பங்களைப் பிரிக்கச் சொல்லவில்லை. பிரிந்துபோய் இருக்கிற மனைவியைப் பற்றிப் பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். அவளைச் சபைக்குப் புறம்பே தள்ளச் சொல்லவில்லை. கொஞ்சநாள் பாதுகாப்பாக விலகி இருப்பது விவாகத்தை முறிப்பது ஆகாது.

நம் சபையின் கதையே அடைக்கலத்தின் கதை. பாளையங்கோட்டையில் 1778-ல் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா ஒரு விதவை. சொந்த ஜனம் ஒதுக்கி வைத்தவள். அவள் முயற்சியில் எழும்பி 1785-ல் பிரதிஷ்டையான கோயிலை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறோம். விசுவாசத்துக்காக அடிபட்டு, வீடுவாசல் இழந்தவர்கள் குடியேறத்தானே 1799-ல் முதலூர் உண்டானது? 1901 தொடங்கி டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா கதவைத் திறந்தது ஓடிவந்த பெண்பிள்ளைகளுக்கு. இவற்றின் நினைவு விழாக்களையெல்லாம் பந்தல் போட்டு, அசன விருந்து வைத்துக் கொண்டாடுகிறோம். அடிபட்டவர்களுக்கு ஓர் ஊரையே கட்டிக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு அறை கொடுக்க முடியாதா?

அம்மாவின் நாட்களில் சட்டமும் கைகொடுக்கவில்லை. 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவ மனைவிக்குக் கொடுமை மட்டும் விவாகரத்துக்குப் போதுமான காரணமில்லை. விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். புருஷனுக்கோ விபசாரம் ஒன்றே போதும். 2001-ல்தான் அதைத் திருத்தினார்கள். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபின், விவாகரத்துக் கேட்காமலேயே ஒரு பெண் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். புருஷன் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. மனு எழுத உதவுவதற்கு மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ராத்திரியில் பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்யலாம். இதெல்லாம் நம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கிறது? நான் போய்வந்த கூட்டங்களில் ஒருமுறைகூட இல்லை. கேக் செய்யவும் ஊறுகாய் போடவும் வகுப்பு வைத்தார்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அழுதுகொண்டு வருகிறவளிடம் வேதாகமத்தைத் திறப்பதற்கு முன்னால், "இன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுக்குப் போக ஒனக்குப் பயமா இருக்காம்மா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அனுப்பாதீர்கள். மறுநாள் அவனைத் தேடி நீங்கள் போங்கள், தனியாக வேண்டாம், மூப்பர் இரண்டு பேரோடு. அடிக்கிறவன் பெயரைக் கமிட்டித் தேர்தல் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குடியை விட ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு என்று அவன் வீட்டாரிடம் சொல்லுங்கள். எண்ணெய் பூசி ஜெபிப்பதோடு அதையும் சொல்லுங்கள்.

போன மாதம் ஆராதனையில் என் பக்கத்தில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். புழுக்கம் தாங்காமல் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, அவள் முழுக்கை ஜாக்கெட்டை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். சமாதானம் சொல்லிக் கை குலுக்கும்போது முகத்தைச் சுளித்தாள். என் போன் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.

சபை மண்டபத்துக்குப் பின்னால், அசனப் பாத்திரங்கள் போட்டு வைத்திருக்கிற அறையைக் காலி செய்து கொடுங்கள். ஒரு சாவி ஐயரம்மாவிடமும் இன்னொன்று பெண்கள் சங்கச் செயலாளரிடமும் இருக்கட்டும். உள்ளே தாழ்ப்பாள் வேண்டும், பக்கத்தில் குளியலறை வேண்டும். கட்டிலும் மெத்தையும், பிள்ளைகளுக்குப் போர்வையும் நான் வாங்கித் தருகிறேன். ஹார்லிக்ஸும் நானே வாங்கி வைத்துவிடுகிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
சபை மகள் ஒருத்தி